குமிங்காவின் படிப்புச் செலவை யார் கட்டுவது?

2025 மே மாதம், நம்ம ஊர் நேரப்படி காலை. என்பிஏ பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸும் மோதும் மூன்றாவது ஆட்டம். தொடைத் தசைக் காயத்தால் ஸ்டீஃபன் கரி ஆடவில்லை. ஜோனதன் குமிங்கா என்ற 22 வயது ஃபார்வர்டு 18 ஷாட் எடுத்து 11ஐக் கூடையில் போட்டு 30 புள்ளிகள் சேர்த்தார். ஆபீஸுக்குக் கிளம்பாம உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்.

இதே குமிங்காவை, ஏறக்குறைய நாலு வாரம் முன்பு, லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில் கோச் ஸ்டீவ் கெர் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. காயம் எதுவும் கிடையாது. அடுத்து வந்த ப்ளே-இன் ஆட்டத்திலும் அதே கதைதான்.

ஒரு பக்கம் பூஜ்யம் நிமிடம், இன்னொரு பக்கம் 30 புள்ளி. இதுல எது நிஜமான குமிங்கா? இந்தக் கேள்வியை வைத்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நாலு வருஷமாச் சண்டை போட்டாங்க. "கோச் ஒரு நட்சத்திரத்தை வீணடிக்கிறார்" என்பது ஒரு கட்சி. "பையனுக்கு ஆட்ட அறிவு பத்தாது" என்பது அடுத்த கட்சி. நான் முதல் கட்சியில் இருந்தேன். இப்போது இரண்டு கட்சியுமே கேள்வியைத் தப்பாகக் கேட்டதாகத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல்ல கதைச் சுருக்கம்

என்பிஏ பார்க்காதவர்களுக்காக: ஒவ்வொரு வருஷமும் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பேர். தோற்ற அணிகளுக்கு முன்வரிசை. அந்த வரிசை இடத்தை அணிகள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம். தேர்வான பையனுக்கு முதல் நாலு வருஷச் சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே முடிவானது, குறைவானதும்கூட. ஒரு இளைஞனின் நீண்டகால மதிப்பு பற்றிய பேச்செல்லாம் ஐந்தாவது வருஷத்துச் சம்பளத்தில்தான் வந்து முட்டும்.

2020 பிப்ரவரியில் வாரியர்ஸ், டி'ஆஞ்செலோ ரஸல் உள்ளிட்ட சிலரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, ஆண்ட்ரூ விக்கின்ஸையும் மினசோட்டாவின் 2021 டிராஃப்ட் இடத்தையும் வாங்கியது. அந்த இடம் ஏழாவதாக வந்தது. அதில் எடுத்த பையன்தான் குமிங்கா. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரில் பிறந்தவர், அப்போது வயது 18. அதே நாளில் கரிக்கு வயது 33. இந்த இரண்டு எண்களையும் மனசுல வச்சுக்குங்க, கட்டுரை முழுக்க வரும்.

புள்ளிக் கணக்கு சொல்லாதது

எனக்கு ஒரு எக்செல் ஷீட் உண்டு. இளம் ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் எப்படி வளர்றாங்கன்னு குறித்து வைப்பேன். குமிங்காவின் வரிசையில் ஒரு ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளிகள் இப்படி இருக்கும்: 9.3, 9.9, 16.1, 15.3. மூன்றாவது வருஷம், 2023-24ல், எடுத்த ஷாட்களில் பாதிக்கு மேல் உள்ளே போனது. 21 வயதுக்கு அது நல்ல கணக்கு. "இரண்டு வருஷத்தில் ஆல்-ஸ்டார்" என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். இன்னும் அழிக்கவில்லை.

தப்பு எங்கே? புள்ளி என்பது மொத்த வருமானம் மாதிரி. செலவைக் கழிக்காத எண். கூடைப்பந்தில் செலவு இரண்டு வகை. ஒன்று, பந்து. ஒருத்தர் ஷாட் எடுத்தால் மற்ற நாலு பேரும் அந்த முறை எடுக்கவில்லை என்று பொருள். இரண்டு, இடம். ஒருத்தருக்குத் தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் போட வராது என்று தெரிந்தால், அவரைக் காக்க வேண்டிய எதிராளி அவரை விட்டுவிட்டுக் கூடைக்கு அடியில் போய் நின்றுகொள்வார். அங்கே நின்று மற்றவர்களின் வழியை மறிப்பார்.

வாரியர்ஸின் ஆட்டமே இடத்தை வைத்துத்தான். கரியைத் துரத்தி இரண்டு பேர் ஓடுவார்கள். மிச்சமிருக்கும் நாலு வாரியர்ஸுக்கு எதிரே மூன்று பேர்தான். அந்த ஒன்றரை வினாடியில் பாஸா, ஓட்டமா, ஷாட்டா என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்தான் அங்கே மதிப்புள்ள ஆள். குமிங்காவின் பலம் அது கிடையாது. பந்தைக் கையில் வாங்கி, நின்று, எதிரே இருப்பவரை எடைபோட்டு, அப்புறம் உடம்பு பலத்தால் உள்ளே புகுவதுதான் அவர் பாணி. அவர் நின்று யோசிக்கும் நேரத்தில் கரி உண்டாக்கிய இடம் மூடிவிடும்.

2025 பிப்ரவரியில் ஜிம்மி பட்லர் வந்தபோது இது இன்னும் இறுகியது. பட்லரும் தூர ஷாட்டுக்குப் பேர் போனவர் இல்லை, ட்ரேமண்ட் கிரீனும் இல்லை. மூன்றாவதாகக் குமிங்காவும் களத்தில் இருந்தால் கூடைக்கு அடியில் டவுன் பஸ் நெரிசல்தான். குமிங்கா கணுக்கால் காயத்தோடு வெளியே இருந்த வாரங்களில் பட்லர் புது அணியில் பொருந்திவிட்டார். லீக் சுற்றில் பட்லர் ஆடிய 30 ஆட்டங்களில் வாரியர்ஸ் ஜெயித்தது 23. எந்தக் கோச்சும் அந்த வரிசையைக் கலைக்க மாட்டார். கெர் மேல் எனக்கிருந்த கோபம் இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் தணிந்தது.

சரி, அப்போ அந்த 30 புள்ளி? கரி விழுந்த பிறகு மினசோட்டாவுக்கு எதிராகக் குமிங்காவின் நாலு ஆட்டக் கணக்கு 18, 30, 23, 26. சராசரி 24க்கு மேல். நிஜமான புள்ளிகள்தான். ஆனால் நாலிலும் வாரியர்ஸ் தோற்றது. குமிங்காவால் தோற்றது என்று சொல்ல வரவில்லை. கரி இல்லாத அணி தோற்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. விஷயம் வேறு. குமிங்கா தன் இயல்பில் ஆட வேண்டுமானால் பந்து காலியாக இருக்க வேண்டும். கரி இருக்கும்வரை அந்த அணியில் பந்து காலியாக இருக்காது.

இதைப் பிடித்துக்கொண்டு "அவர் களத்தில் இருந்தால் அணி பின்தங்குகிறது, ஆகவே மோசமான ஆட்டக்காரர்" என்பவர்களும் அவசரப்படுறாங்க. எங்க தொழிலில் ஒரு டேட்டாபேஸைப் பொருந்தாத லோடில் ஓட்டிப் பார்த்து வரும் எண், அந்த லோடுக்கான எண். அதை டேட்டாபேஸின் குணமாக எழுதி வைத்தால் சீனியர் திட்டுவார். வாரியர்ஸில் அளந்தது குமிங்கா என்ற ஆளும் அந்த இடமும் சேர்ந்த கூட்டுத்தொகையைத்தான்.

விக்கின்ஸ் தந்த தப்பான பாடம்

பொறுமையாக இருந்தால் பையன் தேறிவிடுவான் என்று வாரியர்ஸ் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் விக்கின்ஸ்.

விக்கின்ஸ் 2014 டிராஃப்டில் முதல் இடம். மினசோட்டாவில் சிறந்த புதுமுகம் விருது. 2016-17ல் சராசரி 23.6 புள்ளிகள். அதைப் பார்த்து அந்த அணி ஐந்து வருஷத்துக்கு ஏறத்தாழ 14.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அப்புறம் சரிவு. புள்ளி எடுப்பார், அணி தோற்கும். லீக்கின் மோசமான ஒப்பந்தங்களில் ஒன்று என்று எல்லோரும் பேசினார்கள். வாரியர்ஸுக்கு வந்த பிறகு அதே ஆள் எதிரணியின் முதல் நட்சத்திரத்தைக் காக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பந்து வரும்போது மட்டும் ஷாட். 2022ல் ஆல்-ஸ்டார். அந்த வருஷம் பாஸ்டனுக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 26 புள்ளி, 13 ரீபவுண்டு. கோப்பையும் வந்தது.

"பாரு, ஆள் மாறலை, இடம் மாறுச்சு, மதிப்பு வந்துடுச்சு" என்று இதைப் படிக்கலாம். நானும் அப்படித்தான் படித்தேன். அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. வாரியர்ஸுக்கு வருமுன் விக்கின்ஸ் மினசோட்டாவில் ஆடியது 442 ஆட்டங்கள். ஏறக்குறைய எல்லாமே முழுநேரம். எந்த ஷாட் தனக்கு வரும், எது வராது, தான் முதல் நட்சத்திரமாக இருக்க முடியுமா முடியாதா, இத்தனையையும் அவர் அங்கேதான் தெரிந்துகொண்டார். அந்தப் படிப்புக்கு ஃபீஸ் கட்டியது மினசோட்டா. தோல்விகளாகக் கட்டியது. வாரியர்ஸ் வாங்கியது படித்து முடித்த ஆளை.

ஒரே விற்பனையில் வந்த இரண்டு பேர். ஒருத்தருக்குப் படிப்புச் செலவு முடிந்திருந்தது. இன்னொருத்தருக்கு அது தொடங்கவே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பொறுமை போதும் என்று நினைத்ததுதான் பிழை.

எட்டாவது இடம்

2021 டிராஃப்டில் குமிங்காவுக்கு அடுத்து, எட்டாவதாக, ஆர்லாண்டோ மேஜிக் எடுத்தது ஃப்ரான்ஸ் வாக்னரை. இவரும் ஃபார்வர்டு. ஜெர்மன்காரர், ஒரு வயது மூத்தவர். ஆர்லாண்டோ அந்த வருஷம் 22 ஜெயித்து 60 தோற்றது. வாக்னர் 79 ஆட்டம் ஆடினார், 79லும் தொடக்க ஐவரில் ஒருவர், ஆட்டத்துக்கு 30 நிமிடத்துக்கு மேல். குமிங்காவுக்கு அதே வருஷம் 70 ஆட்டம், ஆட்டத்துக்கு 17 நிமிடம் போல. முதல் இரண்டு வருஷத்தைக் கூட்டினால் வாக்னர் ஏறத்தாழ 5,000 நிமிடம், குமிங்கா ஏறத்தாழ 2,600. பாதிதான். 2024-25ல் வாக்னரின் சராசரி 24.2 புள்ளி. ஐந்து வருஷத்துக்கு 22.4 கோடி டாலர் ஒப்பந்தம்.

இடத்தை மாற்றிப் போட்டால் குமிங்கா வாக்னர் ஆகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. வாக்னர் பெர்லினில் சின்ன வயசிலேயே தொழில்முறை அணியில் ஆடியவர், அப்புறம் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம். பாஸ், முடிவெடுக்கும் வேகம் எல்லாம் வரும்போதே கொண்டு வந்தார். அதைப் பார்த்தால் வாரியர்ஸுக்குப் பொருந்தியிருக்க வேண்டியவரே அவர்தான். இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: 60 ஆட்டம் தோற்கத் தயாரான அணியால் ஒரு பையன் தப்பு செய்வதைத் தாங்க முடியும். ஆர்லாண்டோவுக்கு வாக்னரின் தப்புகள் இலவசம். வாரியர்ஸுக்குக் குமிங்காவின் ஒவ்வொரு தப்பும் கரியின் கடைசி நல்ல வருஷங்களில் ஒரு துண்டு.

ஷேடோ ரிசோர்ஸ்

ஐடி சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை. பிராஜெக்டுக்கு ஆள் கேட்டால் மேனேஜர் சொல்வது ஒன்றுதான்: "மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிற ஆளாக் கொடு." அந்த மூணு வருஷத்தை யாரோ ஒருத்தர் கொடுத்திருக்கணுமே? கிளையண்ட் கொடுக்க மாட்டார். பிராஜெக்டில் டெட்லைன் இருக்கும். அதனால் புதுப் பையன் ஷேடோ ரிசோர்ஸ். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், கோடில் கை வைக்கக் கூடாது. இல்லாவிட்டால் பெஞ்ச். ஆமா, நாங்களும் அதுக்குப் பெஞ்ச்னுதான் சொல்வோம்.

வருஷக் கடைசியில் ரேட்டிங் மீட்டிங் வரும். "பையன் இன்னும் தனியா ஒரு மாட்யூலும் முடிச்சதில்லை" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைப்போம். 'போம்' என்றுதான் எழுத வேண்டும், நானும் குறைத்திருக்கிறேன். தனியாக ஒரு மாட்யூலை அவனிடம் கொடுத்தோமா என்று அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் வேறு சின்னக் கம்பெனிக்குப் போய் இன்றைக்கு ஒரு பெரிய சிஸ்டத்தைக் கட்டி நிறுத்தியிருக்கிறான். அங்கே ஆள் பற்றாக்குறை. முதல் வாரமே கையில் கொடுத்துவிட்டார்கள். குமிங்காவின் பூஜ்யம் நிமிடத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த ஞாபகம் அவன் முகம்தான்.

தப்பு நடந்த தேதி

ஆக, 2025 ஏப்ரலில் கெர் அவரை உட்கார வைத்தது தப்பில்லை என்பது என் கணிப்பு. தப்பு அதற்கு முன்னால் நடந்தது.

2021ல் 33 வயது கரிக்குப் பக்கத்தில் 18 வயதுப் பையனை எடுத்தார்கள். முந்தைய வருஷம் எடுத்த ஜேம்ஸ் வைஸ்மனும் இப்படித்தான். ஒரே அணியில் இரண்டு தலைமுறை, ஒன்று ஜெயிக்கும்போதே இன்னொன்று வளரும் என்பது திட்டம். 2022 கோப்பை வந்ததும் திட்டம் சரி என்று ஆகிவிட்டது. உண்மையில் அந்தக் கோப்பையை ஜெயித்தவர்கள் பெரும்பாலும் படித்து முடித்தவர்கள். கோப்பை பிழையை மறைத்தது.

அந்தக் கோடையில் குமிங்காவுக்கு வயது 19, கையில் சாம்பியன் மோதிரம், அவர் மீதான எந்த நம்பிக்கையும் இன்னும் பொய்க்கவில்லை. ஒன்று, நிஜமாகவே 30 நிமிடம் கொடுத்துத் தோல்வியைத் தாங்கியிருக்கணும். இல்லையென்றால் அப்போதே வேறு அணிக்கு மாற்றியிருக்கணும். இரண்டும் செய்யவில்லை. வைஸ்மனை 2023 பிப்ரவரியில் அனுப்பினார்கள். குமிங்காவை வைத்துக்கொண்டார்கள். மெர்ஜ் செய்யாமல் நாலு வருஷம் கிடந்த பிராஞ்ச் மாதிரி, ஒவ்வொரு மாதமும் முரண்பாடு கூடிக்கொண்டே போனது. 2024 ஜனவரியில் கோச் மீது அவர் நம்பிக்கை இழந்துவிட்டதாகச் செய்தி வந்தது. 2024 அக்டோபர் கெடுவுக்குள் ஒப்பந்த நீட்டிப்பு படியவில்லை. 2025 கோடை முழுக்க இழுபறி.

நாலு வருஷத்துக்கும் சேர்த்து அவருக்குக் கொடுத்த சம்பளம் ஏறத்தாழ 2.5 கோடி டாலர். கரியின் ஒரு வருஷச் சம்பளத்தில் பாதிகூட வராது. மலிவான அந்த நாலு வருஷம்தான் ஒரு இளம் ஆட்டக்காரரால் அணிக்குக் கிடைக்கும் பெரிய லாபம். அதைச் செலவழிக்காமலே தீர்த்துவிட்டார்கள்.

குமிங்காவின் பங்கு

எல்லாவற்றையும் அணியின் தலையில் போடவும் முடியாது. 2024-25ல் அவருடைய ஃப்ரீ த்ரோ மூன்றுக்கு இரண்டுதான் உள்ளே போனது. ஃப்ரீ த்ரோவுக்கு எந்தக் கோச்சின் அனுமதியும் தேவையில்லை; காலி அரங்கில் தனியாக நின்று பழகலாம். மூன்று புள்ளி ஷாட் அந்த வருஷம் 30 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஆறடி ஏழு அங்குல உயரம், அந்தத் துள்ளல், ஆனாலும் ஆட்டத்துக்கு ஐந்து ரீபவுண்டு வரவில்லை. ரீபவுண்டுக்கு யாரும் பாஸ் கொடுக்க வேண்டாம், போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விக்கின்ஸ் 2022 பிளேஆஃபில் அதைத்தான் செய்தார்.

என் தீர்ப்பு

2025 செப்டம்பர் கடைசியில் கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டு வருஷம், ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல். அணியின் சம்பள வரம்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. இரண்டாவது வருஷத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அணியிடம். நீண்டகாலம் வைத்துக்கொள்ள நினைக்கும் ஆளுக்கு யாரும் இப்படி எழுத மாட்டார்கள். இது சுலபமாகக் கைமாற்றும்படி எழுதிய ஒப்பந்தம். அப்போது வாரியர்ஸுக்குக் குமிங்காவின் நீண்டகால மதிப்பு, அவருக்கு மாற்றாக வரப்போகும் ஆளின் மதிப்பாகத்தான் இருந்தது.

வேறு அணிக்கு? பந்து காலியாக இருக்கும், தோல்வியைத் தாங்கக்கூடிய அணியில் 20 புள்ளி எடுப்பார் என்றே நம்புகிறேன். அதனால் அணியின் தூண் ஆகிவிடுவாரா என்றால், இன்றைய நிலையில் இல்லை. நல்ல நாலாவது ஆள், சில இரவுகளில் முதல் ஆள்.

2025 அக்டோபரில்தான் அவருக்கு 23 வயது முடிந்தது. விக்கின்ஸ் வாரியர்ஸுக்கு வந்தபோது இதைவிட இரண்டு வயது மூத்தவர். நான் தப்பு என்று காட்டப்போகும் எண்கள் எவை என்பதையும் குறித்து வைக்கிறேன்: ஃப்ரீ த்ரோ 75 சதவீதம் தாண்டணும், ரீபவுண்டு ஏழைத் தொடணும், ஏதாவது ஒரு கோச் அவரைத் தொடர்ந்து 60 ஆட்டம், 30 நிமிடம் ஆட விடணும். மூன்றும் ஒரே வருஷத்தில் நடந்தால் மேலே எழுதிய தீர்ப்பைத் திருத்துவேன்.

ஷீட்டில் ஒரு புதுப் பத்தி சேர்த்திருக்கிறேன். தலைப்பு: 'செலவைக் கட்டுவது யார்?' குமிங்காவின் வரிசையில் அந்தக் கட்டம் இன்னும் காலி. அடுத்த மாதம் எங்க டீமுக்கு இரண்டு ஃப்ரெஷர்கள் வர்றாங்க. அவங்க பேருக்கு நேரே என் பேரை எழுதிவிட்டேன்.